‘டுடே மார்னிங்’ என்றால் குடி முழுகிப் போகுமா?

எல்லாக் குடும்பத்திலும் ஒரு ‘இங்கிலீஷ் தாத்தா’ உண்டு. சில வீடுகளில் அவர் தாத்தா இல்லை, சித்தப்பா. சில வீடுகளில் பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா. இப்போதெல்லாம் ஏழாவது படிக்கும் பேரனே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான்.

யாராவது, ‘டுடே மார்னிங் ஐ வென்ட் டு பேங்க்’ என்று ஆரம்பித்தால் போதும். ‘டுடே மார்னிங் இல்லை, திஸ் மார்னிங்!’ என்று குறுக்கே விழுவார். பேங்க்கில் என்ன நடந்தது, லோன் கிடைத்ததா இல்லையா என்ற கதை அதோடு போயிற்று. சொல்ல வந்தவர் தமிழுக்குத் திரும்பிவிடுவார், அல்லது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இந்தத் தாத்தாக்களிடம் ஒரு பட்டியலே இருக்கும். ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘கசின் பிரதர்’, ‘ப்ரீபோன்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்’, ‘மைசெல்ஃப் குமார்’... ஒவ்வொன்றும் காதில் விழும்போது பல்லைக் கடிப்பார்கள்.

இதெல்லாம் தப்பா, சரியா?

மொத்தமாக ஒரே பதில் சொல்ல முடியாது. களத்து மேட்டில் நெல்லைத் தூற்றுவதுபோல் தூற்றித்தான் பார்க்க வேண்டும். தூற்றுவதற்குக் காற்று வேண்டுமே? அது ஒரே ஒரு கேள்வி: ‘நான் நினைத்ததைத்தான் கேட்டவர் புரிந்துகொண்டாரா?’ இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பட்டியலைக் கொஞ்சம் தூற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

தமிழ் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

நம்மவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளில் பாதி, அறியாமையால் வருவது இல்லை. தமிழ் நன்றாகத் தெரிவதால் வருவது!

‘இன்று காலை’ என்பது எவ்வளவு ஒழுங்கான தமிழ். அதை அப்படியே தூக்கி வைத்தால் ‘டுடே மார்னிங்’. ஆங்கிலக்காரர் ‘திஸ் மார்னிங்’ என்பார். ‘நேற்று இரவு’ என்பது நமக்கு ‘யெஸ்டர்டே நைட்’, அவருக்கு ‘லாஸ்ட் நைட்’. ஆனால் ‘டுடே மார்னிங்’ என்று சொன்னால், சாயங்காலம் என்று நினைத்துக்கொள்ளப் போகிறவர் உலகத்தில் யாரும் இல்லை.

‘டிஸ்கஸ் அபவுட்’ எப்படி வந்தது? ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்கிறோம். அந்தப் ‘பற்றி’தான் ‘அபவுட்’ ஆகி ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ‘டிஸ்கஸ் த மேட்டர்’ என்றாலே போதும்.

‘ஒன்லி’யின் கதை இன்னும் வேடிக்கை. ‘நான் நன்னிலத்துக்காரன்தான்’ என்பதில் வரும் ‘தான்’, அழுத்தம் கொடுப்பதற்கு. அதுவே ‘ஐ ஆம் ஃப்ரம் நன்னிலம் ஒன்லி’ ஆகிறது. ‘காலையிலேயே வந்துட்டேன்’ என்பதில் வரும் ஏகாரம், ‘மார்னிங் இட்செல்ஃப் ஐ கேம்’ என்று வெளியே வருகிறது. தமிழில் ஓர் எழுத்தை நீட்டிச் சாதிக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் தேடி அலைகிறோம். ஆங்கிலக்காரர் அந்த வேலையைப் பெரும்பாலும் குரலை உயர்த்தியே முடித்துவிடுவார்.

மரியாதையும் இதில் புகுந்துகொள்ளும். ‘எங்க டீச்சர் சொன்னாங்க’ என்று பழகிய குழந்தை, ‘மை டீச்சர், தே டோல்ட்’ என்கிறது. ஒரு டீச்சரா, நாலு டீச்சரா என்று ஆங்கிலக்காரர் விழிக்கலாம். ஆனால் அந்தக் குழந்தைக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. டீச்சரை ஒருமையில் சொல்ல நாக்கு வரவில்லை!

வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்பது அந்த வழக்கத்தின் ஆங்கில நிழல். இதைத் திருத்தி ‘ஐ ஆம் லீவிங்’ என்று சொல்ல வைத்தால் இலக்கணம் நேராகிவிடும். ஆனால் வாசற்படியில் நிற்கும் பாட்டிக்கு மனசு கேட்குமா?

இந்தக் கூட்டத்தில் சுலபமாகத் திருத்திக்கொள்ளக் கூடியது ‘ஐ ஆம் ஹேவிங்’. தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் கிடையாது. ‘எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க’ என்றுதான் சொல்கிறோம். ‘இருக்காங்க’ என்பது இப்போதும் தொடரும் விஷயம் அல்லவா? அதனால் ‘ஹேவிங்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன். இலையில் இருப்பதற்கு ‘ஹேவிங்’, வீட்டில் இருப்பதற்கு ‘ஹேவ்’. ரெண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது போன் செய்தால், ‘ஐ ஆம் ஹேவிங் டூ இட்லிஸ்’ என்பது முழுக்கச் சரி. பிள்ளைகளுக்கு ‘ஐ ஹேவ் டூ சன்ஸ்’. இந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னால், பிள்ளைகளை விழுங்குகிற மாதிரி ஆகிவிடும்!

இது நம் ஊர்ச் சரக்கு

பட்டியலில் இன்னொரு வகை உண்டு. அவை தவறே இல்லை. ஆங்கிலத்தில் இல்லாத பொருளுக்கு நாம் செய்துகொண்ட சொற்கள்.

‘கசின்’ என்று மட்டும் சொன்னால் ஆணா, பெண்ணா என்றே தெரியாது. சித்தப்பா மகனா, மாமா மகனா என்றும் தெரியாது. நமக்கோ இது வாழ்க்கைப் பிரச்சினை. ஒருவர் தம்பி, இன்னொருவர் மச்சான். ஒருத்தி தங்கை, இன்னொருத்தி முறைப்பெண். இதையெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும் மொழியில், ‘கசின் பிரதர்’ என்று சொல்பவர் பாதி விவரமாவது தருகிறார். சகலைக்கும் ஓரகத்திக்கும் ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. நம்மவர்கள் ‘கோ-பிரதர்’, ‘கோ-சிஸ்டர்’ என்று செய்துகொண்டார்கள்.

‘ப்ரீபோன்’ என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் நிறைய. ‘போஸ்ட்போன்’ என்றால் தள்ளிப்போடுவது, அப்படியானால் முன்னதாக வைப்பதற்கு? இந்தியாவில் பரவலாகப் புழங்கிய அந்தச் சொல் இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. அதே அகராதியில் 2017-ல் இந்தியச் சொற்கள் சுமார் 70 சேர்ந்தன. அவற்றில் நம் ‘அண்ணா’வும் உண்டு, வடையும் உண்டு.

இதில் டெல்டாக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு சங்கதி இருக்கிறது. கல்லணைக்கு ஆங்கிலப் பெயர் ‘கிராண்ட் அனிகட்’. முக்கொம்பு ‘அப்பர் அனிகட்’. அணைக்கரை ‘லோயர் அனிகட்’. இந்த ‘அனிகட்’ வேறு எதுவும் இல்லை, நம் ‘அணைக்கட்டு’தான். வெள்ளைக்காரர்கள் உள்ளூர்ச் சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகிச் சூப் கிண்ணத்தில் ஏறியது.

இப்படிப்பட்ட சொற்களைத் தேடித் தொகுத்த புகழ்பெற்ற அகராதி ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’. 1886-ல் வெளியானது. தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் பர்னல். அவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவரும் அவரே. அகராதி அச்சாகி வருவதைப் பார்க்காமல் 1882-லேயே காலமாகிவிட்டார்.

‘மிளகுத் தண்ணீரை மல்லிகடானி என்கிறாயே, உச்சரிப்பைத் திருத்து’ என்று நம் முன்னோர் யாரும் வெள்ளைக்காரரை வகுப்பில் நிற்க வைக்கவில்லை. சொல் ஊர் விட்டு ஊர் போனால் வேட்டியை அவிழ்த்துக் கால்சட்டை போட்டுக்கொள்ளும். அது இரு பக்கமும் நடக்கிற விஷயம்.

இங்கேதான் கவனம்

அப்படியானால் எதையுமே திருத்த வேண்டாமா? கட்டாயம் திருத்த வேண்டும். சில தவறுகள் காதை உறுத்தவே உறுத்தாது. கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் நாம் சொன்னதற்கு நேர் எதிராகப் புரிந்துகொண்டிருப்பார். பணம், மருந்து, வேலை எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடியவை இவை. தாத்தாவின் பட்டியலில் பெரும்பாலும் இவை இருப்பதே இல்லை.

1. ‘ஆமாம், இல்லை’ குழப்பம்: ‘உங்களுக்குச் சுகர் இல்லையே?’ என்று டாக்டர் கேட்கிறார். இல்லாதவர் தமிழில், ‘ஆமாம் டாக்டர், இல்லை’ என்பார். கேட்டவர் சொன்னது சரி என்பதற்குத்தான் அந்த ‘ஆமாம்’. ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இது தலைகீழ். ‘யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜி?’ என்று கேட்டால், ஒவ்வாமை இல்லாதவர் ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘யெஸ்’ என்று மட்டும் சொன்னால், இருக்கிறது என்று எழுதிக்கொள்ளக் கூடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், ‘நோ, ஐ டோன்ட் ஹேவ்’ என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

2. ‘டவுட்’: ‘பில் தப்பா இருக்குமோன்னு சந்தேகப்படறேன்’ என்பதை, ‘ஐ டவுட் த பில் இஸ் ராங்’ என்கிறோம். ஆங்கிலக்காரர் காதில் விழுவது என்ன தெரியுமா? ‘பில் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.’ நேர் எதிர்! ‘ஐ திங்க் த பில் இஸ் ராங்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வகுப்பில் ‘ஐ ஹேவ் எ டவுட், சார்’ என்பதும் நம் ஊரில் செல்லும். வெளியூரில் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றால் நல்லது. இல்லாவிட்டால், தான் சொன்னதை இந்தப் பிள்ளை நம்பவில்லையோ என்று அந்த ஆசிரியர் நினைக்கலாம்.

3. ‘பாரோ’வும் ‘லெண்ட்’டும்: தமிழில் கடன் ஒன்றுதான். கொடுத்தாலும் கடன், வாங்கினாலும் கடன். ஆங்கிலத்தில் கொடுத்தால் ‘லெண்ட்’, வாங்கினால் ‘பாரோ’. பேனா விஷயத்தில் மாற்றிச் சொன்னால் நஷ்டம் இல்லை. பத்தாயிரம் ரூபாய் விஷயத்தில் மாற்றி எழுதினால், கொடுத்தவரே கடன்காரர் ஆகிவிடுவார்.

4. ‘டில்’லும் ‘பை’யும்: ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. ‘வெள்ளிக்கிழமை வரைக்கும்’ என்றால் ‘டில் ஃப்ரைடே’. ‘ஐ வில் வெயிட் டில் ஃப்ரைடே’ சரி. ‘ஐ வில் ஃபினிஷ் டில் ஃப்ரைடே’ என்று மேலதிகாரிக்கு எழுதினால், வேலை எப்போது முடியும் என்று அவர் இன்னொரு மெயில் அனுப்புவார்.

5. ‘எல்லாரும் வரலை’: தமிழிலேயே கொஞ்சம் வழுக்கும் வாக்கியம் இது. ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? ‘ஆல் டிட் நாட் கம்’ என்றால் அந்த வழுக்கல் ஆங்கிலத்திலும் தொடரும். ஒருவரும் வரவில்லை என்றால் ‘நோபடி கேம்’. சிலர் வரவில்லை என்றால் ‘சம் டிட் நாட் கம்’. முடிந்தது கதை.

6. படிவத்தில் ‘பிரதர்’: பேச்சில் பெரியப்பா மகனை ‘மை பிரதர்’ என்று சொல்வதில் தப்பில்லை. அண்ணன் அண்ணன்தான். ஆனால் விசா விண்ணப்பம், இன்ஷூரன்ஸ், வாரிசுதாரர் படிவம் போன்றவற்றில் ‘பிரதர்’ என்றால் கூடப் பிறந்தவர். அங்கே ‘கசின்’ என்றே எழுதுங்கள். ஆதாரம் கேட்கும்போது பாசத்தைக் காட்ட முடியாது.

7. ‘பாஸ்டு அவுட்’: ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022’ என்றால் நம் ஊரில் படிப்பு முடித்தவர். ராணுவப் பயிற்சி முடிந்து நடப்பதும் ‘பாசிங் அவுட் பரேட்’தான். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ சாதாரணப் பேச்சில் அதற்கு, ‘மயக்கம் போட்டு விழுந்தேன்’ என்று பொருள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

இந்த ஏழையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் மற்றவற்றை மறந்துவிட்டாலும் இவற்றை மறக்க வேண்டாம்.

வெள்ளைக்காரர் வீட்டிலும் இதே சண்டை

ஆங்கிலத் தவறுகளைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இங்கிலாந்தில் சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டர்களில், ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று போர்டு வைத்திருந்தார்கள். எண்ணக் கூடிய பொருளுக்கு ‘லெஸ்’ வரக் கூடாது, ‘ஃப்யூவர்’தான் வர வேண்டும் என்று இலக்கணப் பிரியர்கள் விடாமல் நச்சரித்தார்கள். கடைசியில் டெஸ்கோ நிறுவனம் 2008-ல் ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்றிச் சண்டையிலிருந்து நழுவிக்கொண்டது.

சொல்லுக்கு மேலே தொங்கும் அப்பாஸ்ட்ரஃபி குறியைக் காப்பாற்றுவதற்கென்றே 2001-ல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர். கடைப் பலகைகளில் அந்தக் குறி தாறுமாறாக வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு, 2019-ல், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று அலுத்துக்கொண்டு ஓய்ந்தார்.

தாய்மொழிக்காரர்களுக்கே இந்தப் பாடு என்றால், இரண்டாவது மொழியாகக் கற்றுக்கொள்பவர்களை நாம் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமே?

தமிழில் மட்டும் நாம் எப்படி? ‘சுவற்றில் விளம்பரம் எழுதாதீர்கள்’ என்று எத்தனை சுவர்களில் எழுதியிருக்கிறார்கள்! சுவர் என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘சுவரில்’தான். ‘டுடே மார்னிங்’ என்றதும் துள்ளிக் குதிப்பவர், அந்தச் ‘சுவற்றை’ நிதானமாகக் கடந்து போகிறார். அப்படியானால் அவருக்கு வலிப்பது இலக்கணம் இல்லை. ஆங்கிலம் என்றால் அந்தஸ்து. தப்பாகப் பேசினால் அந்தஸ்து குறைவு. அந்த எண்ணம்தான் பல்லைக் கடிக்க வைக்கிறது.

ஒரே கல்லூரியின் இரண்டு பிள்ளைகள்

ஆங்கிலத்தால் ஒரு வாழ்க்கை எப்படியெல்லாம் திரும்பும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். கும்பகோணம் அரசுக் கல்லூரி வாசலில் நின்றால் போதும். 1854-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியைத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்பார்கள்.

1904-ல் உதவித்தொகையோடு ஓர் இளைஞர் அங்கே சேர்ந்தார். கணக்கில் புலி. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. உதவித்தொகை போயிற்று, படிப்பும் நின்றது. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். பின்னால் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தபடி, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் ஹார்டியை நிமிர்ந்து உட்கார வைத்தவை அதோடு இருந்த கணிதச் சூத்திரங்கள். மறு ஆண்டே கப்பல் ஏறினார் ராமானுஜன். 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். எழுதியவரின் ஆங்கிலத்தைத் தாண்டி விஷயத்தைப் பார்க்க ஹார்டிக்குத் தெரிந்திருந்தது. நல்லவேளை, அந்தக் கடிதம் ஓர் ‘இங்கிலீஷ் தாத்தா’ கையில் கிடைக்கவில்லை!

அதே கல்லூரியில் அவருக்கு முன்னால் படித்த இன்னொருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. 1869-ல் பிறந்தவர். நன்னிலமும் வலங்கைமானும் இன்று ஒரே திருவாரூர் மாவட்டம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். பிறகு கோகலேயின் வழியில் பொதுவாழ்வுக்கு வந்தார். 1921-ல் பிரிட்டிஷ் அரசரின் பிரிவி கவுன்சிலில் இடம்பெற்றார். ஆங்கிலத்தில் அவர் பேசுவதைக் கேட்டு ஆங்கிலேயர்களே அசந்துபோய், ‘வெள்ளி நாக்குப் பேச்சாளர்’ என்று பட்டம் கொடுத்தார்கள்.

ஆங்கிலத்தில் குறை சொல்லும் தகுதி நம் பக்கத்தில் யாருக்காவது இருந்தது என்றால், அது சாஸ்திரிக்குத்தான். அவர் எப்படித் திருத்தினார் தெரியுமா?

காந்தி குஜராத்தியில் எழுதிய சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒரு பதிப்புக்காக அந்த மொழிபெயர்ப்பை ஒருவர் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ‘என் பெயர் எங்கும் வரக் கூடாது.’ அதனால் தேசாய் தன் முன்னுரையில், மதிப்புக்குரிய நண்பர் என்று மட்டும் குறிப்பிட்டு நன்றி சொன்னார். அந்த நண்பர் நம் வலங்கைமான் சாஸ்திரிதான்.

உலகம் முழுக்கப் படிக்கும் புத்தகம். அதில் பிழை திருத்தியவருக்குத் தன் பெயர் வேண்டாம். தவறைச் சரிசெய்வதுதான் வேலை, தவறைக் காட்டி மெச்சிக்கொள்வது வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் எப்படித் திருத்துவது?

நன்னிலத்துக்குப் பக்கத்தில், பூந்தோட்டத்தை ஒட்டி இருக்கிறது கூத்தனூர். சரஸ்வதிக்கென்றே தனிக்கோயில் உள்ள ஊர். விஜயதசமி அன்று குழந்தைகளை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பார்கள். எழுத்து கோணலாகத்தான் வரும். யாராவது சிரிக்கிறார்களா? கோணலாக இருந்தாலும் எழுதிவிட்டதே என்று எடுத்துக் கொஞ்சுகிறார்கள். அந்தக் குழந்தையே பதினெட்டு வயதில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கோணலாகப் பேசினால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகள் பலர், வேலைக்கான நேர்முகத் தேர்வில் பதில் தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. தப்பு வந்துவிடுமோ என்ற பயம். தப்பாகப் பேசியவரைத் திருத்த முடியும். பேசாமலே இருப்பவரை என்ன செய்ய முடியும்?

அதனால் வீட்டில் நாலு வழக்கங்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் கதையைக் கேளுங்கள். பேங்க்கில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு ‘மார்னிங்’கைப் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். தனியாக ஒரு வரி போதும்.

‘தப்பு’ என்று சொல்லாமலே திருத்த ஒரு வழி உண்டு. ‘டுடே மார்னிங்’ என்று பிள்ளை சொன்னால், ‘ஓ, திஸ் மார்னிங் போனியா? அப்புறம்?’ என்று சரியான சொல்லைப் பதிலில் கோத்துவிடுங்கள். குழந்தைகள் பேச்சைப் பிடித்துக்கொள்வதே இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்.

ஒரு நாளைக்கு ஒன்று. மேலே சொன்ன ஏழில் ஒன்றாக இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். வெறும் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்றால் அடுத்த வாரம் சொன்னாலும் ஒன்றும் ஆகாது.

தாத்தாக்களுக்கும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். பேச்சு வேறு, எழுத்து வேறு. வேலைக்கான விண்ணப்பத்திலும் பயோடேட்டாவிலும் நம் முகம் தெரியாது, எழுத்துதான் தெரியும். அங்கே ‘மைசெல்ஃப் குமார்’ வேண்டாம், ‘ஐ ஆம் குமார்’ என்றே இருக்கட்டும். அனுப்புவதற்கு முன்னால் வீட்டு ‘இங்கிலீஷ் தாத்தா’விடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் திறமைக்கு ஏற்ற வேலை அதுதான். அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் லாபம்.

இந்த வாரப் பயிற்சி: இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒவ்வொருவரிடமும், ‘யூ ஹேவன்ட் ஈட்டன் யெட்?’ என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடாதவர் ‘யெஸ்’ என்கிறாரா, ‘நோ’ என்கிறாரா என்று கவனியுங்கள். சரியான பதில் சொல்பவருக்கு முதல் தோசை.

அடுத்த வாரம்: ‘நெக்ஸ்ட் சன்டே’ என்றால் வருகிற ஞாயிறா, அதற்கு அடுத்த ஞாயிறா? பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது!